முழங்கையின் உட்புறம்

குன்னூர் பெட்ஃபோர்டு முக்கில், மருந்துக்கடை மாடியில்
இரண்டே நாற்காலி போட்ட பார்லர் என்னுடையது.
ஊருக்கெல்லாம் முகம் எழுதுகிறேன்.
என் முகம் எழுத விடாது.

டிசம்பரில் கண்ணிமை உரியும்,
புது உருளைக்கிழங்கின் தோல்போல,
கட்டைவிரல் பட்டால் போதும்.
விரலிடுக்கு வெடித்து, கையுறைக்குள் வியர்த்து
இரவு இரண்டு மணிக்கு
கதவைத் தட்டியதுபோல் எழுப்பும்.

கோவை டாக்டர் சீட்டில் வேறு பெயர் எழுதினார்.
நாங்கள் சொல்வது கரப்பான்.
கரப்பது என்றால் ஒளிப்பது;
அந்தக் கணக்கில் கரப்பான் என்பவன் ஒளிப்பவன்.
பதினாறு வருடமாகப் பார்க்கிறேன்,
எதையுமே அவன் ஒளித்ததில்லை.
ஒளிப்பது என் வேலை.
அதற்கென்று ஒரு டப்பா இருக்கிறது, கன்சீலர்.
ஒரு கோடு இழுத்தால் எனக்குக் கண்ணுக்குக் கீழே தீ.

ஆளுக்கொரு வைத்தியம்.
கேத்தி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
கஸ்தூரி மஞ்சள் என்றாள்,
இறங்குவதற்குள் வேப்பிலையும் சேர்த்தாள்.
ஊட்டியில் ஒரு கடைக்காரர்
தைலம் போட்ட சோப்பைத் தடவித் தடவிக் காட்டி
‘முழுக்க இயற்கை, மேடம்’ என்றார்.
‘காஞ்சொறியும் இயற்கைதான் அண்ணா’ என்றேன்.
ஆனாலும் வாங்கினேன். வாங்காமல் வந்த கடை எது?

சிம்ஸ் பார்க் சாலையில் மூடுபனி இறங்கும் நாளில் மட்டும்
மாஸ்க் இல்லாமல் நடப்பேன்.
பத்தடிக்கு அப்பால் எல்லோருக்கும் ஒரே தோல்.

மற்ற நாட்களுக்கு முழங்கையின் உட்புறம்.
பேனாவால் சின்னச் சின்னக் கட்டம்,
கட்டத்துக்கு ஒரு சொட்டு, சொட்டுக்கு ஒரு நாள்.
தைல சோப்பு மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை.
பன்னீர் இரவெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு
காலையில் பல் தேய்க்கும்போது காட்டியது.
கோத்தகிரிச் சந்தையில் வாங்கிய தேன்மெழுகைத்
தேங்காய் எண்ணெயில் உருக்கி வைத்த கட்டத்தில்
ஒன்றும் நடக்கவில்லை.
இரண்டாம் நாளும் ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காத அந்தத் தோலை
கரண்ட் போன சாயங்காலம் முழுக்க
செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுகிர்தா வந்தது ஏப்ரலில். அருவங்காடு.
கல்யாணத்துக்கு ஒன்பது நாள்.
உச்சி வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை;
குளிர் என்றாள்.
மாப்பிள்ளை வீட்டார் ஷார்ஜாவிலிருந்து தருவித்த பெட்டியை
மேசைமேல் வைத்தாள், முப்பத்தாறு நிறம்.
மணிக்கட்டை நாற்காலிக் கைப்பிடியில்
யாரும் பார்க்காதபோது ஒருமுறை இழுத்தாள்.
எனக்குப் புரிந்துவிட்டது.
கையுறையைக் கழற்றினேன்.
அவள் ஸ்வெட்டரைக் கழற்றினாள்.
ரெஹானா டீ வாங்கப் போனாள், யாரும் சொல்லாமலே.

ஒன்பது நாளும் அவள் முழங்கையில் கட்டம் போட்டோம்.
பெட்டியிலிருந்து ஒன்றும் தேறவில்லை.
மெழுகில் குழைத்த பீட்ரூட் சாறு தேறியது, உதட்டுக்கு.
அரை விரல் நீளம் மஞ்சள் கயிறும் ஒட்டிப் பார்த்தோம்;
சுட்டது. வெறும் பருத்தி நூலுக்காக
அவள் அம்மாவிடம் நான்தான் பேசினேன், ஒரு மணி நேரம்.
‘மாப்பிள்ளையையும் ஒரு நாள் ஒட்டிவெச்சுப் பாத்துடலாமா, அக்கா?’
சிரித்ததில் இரண்டு பேருக்கும் உதட்டோரம் வெடித்தது.

முகூர்த்தத்தில் கண்ணுக்கு மை இல்லை.
கழுத்துச் சிவப்பு அப்படியே.
போட்டோக்காரர் குனிந்து
‘கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம்’ என்றார்,
எங்கள் இருவருக்கும் பொதுவாக.
யாரும் பதில் சொல்லவில்லை.
எடுத்தாரா, தெரியாது. ஆல்பம் நான் பார்க்கவில்லை.

நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பியிருந்தாள்.
முழங்கை. பேனாக் கட்டம். கீழே:
‘அவங்க வீட்டு சோப்பு. ஆறு மணி நேரம் ஆச்சு.
இன்னும் ஒண்ணும் இல்ல.’