மூன்றாம் நாள் பனி

மூன்றாவது நாளாக மூடுபனி.
நான்கான் துறையில் படகில்லை.
டிக்கெட் சன்னலை நான் அடைத்ததும்
மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் பலகையை விரித்தார்
போக வழியில்லாத ஃபூ யாவ்-டிங்.

முப்பத்திரண்டு காய்களும் குப்புறக் கிடந்தன.
யாருக்கு எந்த நிறம் என்பதே
ஒன்றைப் புரட்டிய பிறகுதான்.
புரட்டினேன். கறுப்புக் குதிரை.
அந்த நொடியிலிருந்து
சிவப்பெல்லாம் எனக்குப் பிறவிப் பகை.

அவருடைய சேனாதிபதி
என் யானையைத் தின்றான், இரண்டு தேரையும் தின்றான்,
மூலையில் போய் நின்று
ஏப்பம் விடாத குறை.
ஒரு பக்கம் அவருடைய சொந்தப் பீரங்கியே
வழியை அடைத்திருந்தது.
மறுபக்கம், இன்னும் முகம் காட்டாத ஒரு காய்.

கணக்குப் போட்டேன்.
கவிழ்ந்தவை ஐந்து. அதில் என் சிப்பாய் ஒன்றே ஒன்று.
எல்லாரிலும் சின்னவன் அவன்;
சேனாதிபதியைக் கடிக்க அவனுக்கு உரிமையுண்டு
இந்த ஆட்டத்தில்.

விரல் வைத்தேன்.
சங்கு ஊதியது.
கடல் திடீரென்று அங்கே இருந்தது,
நடுவில் படகும்.

ஓடிப்போய்ச் சன்னலைத் திறந்தேன்.
வரிசையில் முதல் ஆள் அவர்.
"எந்தக் கரைக்கு?" என்றேன், வழக்கம்போல.

பணத்தை நீட்டிய கை
பாதியில் நின்றது.
"முதலில்
அதைப் புரட்டிவிட்டு வா."