தும்புத்தடிக் கணக்கு

வுப்பர்டாலில் வெள்ளி இரவு,
தொங்கு ரயிலும் ஓய்ந்த பிறகு
மூன்றாம் அரங்கு என்னுடையது.

வசூலை கெட்லர் திங்கள்தான் சொல்வார்.
எனக்கு அன்றிரவே தெரியும்.
காதல் படத்துக்கு அரை மூட்டை சோளப்பொரி சிந்தும்.
‘கீழறை’ முதல் பாகத்துக்கு நாலு மூட்டை,
எல்லாம் ஒரே நொடியில்:
கதவு திறக்கும், கைகள் எகிறும்.
இரண்டாம் பாகத்துக்கு ஐந்தரை.
அந்த மாதம் கெட்லர் கூரை ஒழுக்கை அடைத்தார்.
எனக்குப் புதுத் தும்புத்தடி.

ஒரு வீடு, ஒரு படிக்கட்டு,
தயாரிப்பாளருடைய மாமியாரின் மேசை விளக்கு.
போட்ட காசு பழைய கார் ஒன்றின் விலையாம்,
வந்த காசில் தெருவையே வாங்கலாமாம்.
பேய்க்கு மட்டும் சம்பளம் கூடவில்லை.
மூன்றாம் பாகத்தில் பொய்முடிக்குள் வேறொருத்தி.
ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒவ்வொரு முடிவிலும் அவளை எரித்தார்கள்.
திங்கட்கிழமை கணக்குப் பார்த்து
எழுப்பினார்கள்.

ஐந்தில் ஒரு மூட்டை.
ஆறில் ஒரு குவளை, ஒற்றைக் கையுறை.
பதினொரு பேர். இருவர் நித்திரை.
“வியாழனோடு எடுக்கிறேன்” என்றார் கெட்லர்,
என் முகம் பாராமல்.

புதன்கிழமை, கூட்டமும் இல்லை, கூட்ட ஒன்றும் இல்லை.
முதன்முறை கதிரையில் இருந்து பார்த்தேன்.
பயம் வரவில்லை.
அவள் படியேறுகிறாள், வயலின் கீச்சிடுகிறது,
திரையின் இடது மூலையில்
யாரோ எடுக்க மறந்த நீல வாளி.
விளிம்பில் பிழிந்து போட்ட துணி,
இன்னும் சொட்டிக்கொண்டு.