வாகன இலக்கம்?

காலை எட்டரைக்கு
நவ்ஸார் நானாவின் வான்
கிண்ணியாப் பாலத்து உப்புக்காற்றையும் ஏற்றிக்கொண்டு
மட்கோவில் எங்கள் கொட்டகைக்குள் நுழைகிறது.
கையுறை போட்டுக்கொண்டு
அதன் வாலுக்குக் கீழே குனிகிறேன்.
ஏழு வருடமாய் என் உத்தியோகம் இது:
வண்டிகளுக்கு முகம் உண்டென்பதே மறந்துவிட்டது.

கம்பியைச் செருகி "அமத்துங்கோ" என்று கத்த
நானா அமத்துகிறார்.
ஒரு தும்மல்,
பிறகு நீளமாய்க் கறுப்பு.
திரையில் இலக்கம் ஏறுகிறது.
போன கிழமைதான் வடி மாற்றினதாம்,
மகளின் டியூசன் காசைப் பிந்தி
இஞ்செக்டரும் கழுவினதாம்.
மெசினுக்கு இதெல்லாம் விளங்காது.
பெயில்.

அவர் கோபப்படவில்லை.
"தங்கச்சி, இந்த வான்ல பதினாறு பேர் வேலைக்குப் போறாங்க.
பதினாறு மோட்டார் சைக்கிள் விடவேண்டிய புகையை
என்ட வான் ஒண்டே விடுது.
அதுக்கு உங்கட மெசின்ல ஒரு இலக்கம் இல்லையா?"

இல்லை.

பத்து மணிக்கு விமலரூபி அக்கா வந்தா.
வந்த சத்தமே இல்லை.
கோட்டை வாசலில் புள்ளிமான்
கடதாசி தின்ன வந்து நிற்குமே, அப்படி.
வெள்ளைக் கார்,
ஜப்பானில் ஆரோ ஓடி அலுத்தது.
பழக்கத்தில் குனிந்தேன்.
குழாய் இல்லை.
கையில் கம்பியோடு
விலாசம் பிழைத்த தபால்காரி மாதிரி நின்றேன்.

"புகை இல்லை எண்டு ஒரு துண்டு எழுதித் தாரும், காணும்."

எழுதப் போன பேனா நின்றது.
புகை இல்லையா,
இங்கே இல்லையா?

மற்றக் கரையில், நுரைச்சோலையில்
ஒரு குழாய் நிற்கிறது,
என் கம்பி எட்டாத உயரத்தில்.
அக்காவின் கார் இரவு பிளக்கில் கிடக்க
அங்கே கரி எரிகிறது.
மலைநாட்டில் மழை பெய்தால்
அதே கார் கொத்மலைத் தண்ணீரில் ஓடுகிறது.
இதன் புகையை அளக்க
முதலில் வானத்தைக் கேட்க வேணும்.

பட்டரிக்குள் கிடக்கிற மண்
எந்த ஊரில் தோண்டினது?
அந்தக் குழி ஆரின் வளவு?
இந்த வெள்ளைப் பூச்சுக்குள்
புல்மோட்டை மணலும் இருக்கலாம்;
கப்பலில் கறுப்பாய்ப் போனது
வெள்ளையாய்த் திரும்பியிருக்கலாம்.

அக்கா கணக்காளர். சிரித்தா.
"இது கடனோட பிறந்த பிள்ளை. ஓட ஓடக் கடன் தீரும்.
டீசல் அப்படி இல்லை,
ஓட ஓடக் கடன்படும்."
"எத்தனை மைலில தீரும்?"
"கறண்ட் எங்கயிருந்து வருது எண்டதைப் பொறுத்தது."
கணக்காளருக்கே பதில் 'பொறுத்தது' என்றால்
நான் என்ன செய்ய?

ஒன்று மட்டும் சொல்லவேணும்.
இரவில் மூக்குச் சீறினால்
கைலேஞ்சியில் அன்றைய வண்டிகள் எல்லாம் வரும்,
வான், லொறி, தண்ணி பவுசர்.
அக்காவின் கார் வராது.
துண்டில் கையெழுத்துப் போட்டேன்.

பதினொன்றரைக்குக் கறண்ட் போனது.
முதலாளி பின்பக்கம் போய்க்
கயிற்றை இழுத்தார், நாலு தரம்.
ஜெனரேற்றர் இருமி எழும்பியது.
டீசல்.
விளக்கு வந்தது, காற்றாடி வந்தது,
புகையை அளக்கிற மெசினுக்கு
புகையிலிருந்து உயிர் வந்தது.
கப்பி வரைக்கும் நீலமாய்ப் பரவ
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி சாப்பிடப் போன நேரம்
வயரை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.
கம்பியை அதன் குழாயில் செருகினேன்.
கதவிடுக்கால் திரை தெரிந்தது.
இலக்கம் ஏறியது,
நானாவின் இலக்கத்தைத் தாண்டியது,
நிற்கவில்லை.

பிறகு மெசின் வழமைபோலக் கேட்டது,
வாகன இலக்கம்?

அந்தக் கட்டம்
வெறுமையாய்
மினுங்கிக்கொண்டே இருக்கிறது.
வெளியே அடுத்தவர் ஹோர்ன் அடிக்கிறார்.