பிள்ளைக்கணக்கு

அந்த ஜனவரியில், தார்த்துவில்
எட்டரைக்கும் விடியவில்லை.
மேசைவிளக்கின் கீழே
ஒரு நாட்டின் பிள்ளைப்பேற்றைக்
கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தேன்.
எத்தனை வாரம், ஒரு கட்டம்.
சம்பளத்தில் எத்தனை பங்கு, ஒரு கட்டம்.
யாருடைய பை?
அது தடித்த கோட்டுக்குள்.

முதல் வரைவில் முதலாளியின் பை என்றிருந்தது.
நியாயம்போலத்தான் பட்டது.
வேலை வாங்குகிறவர் கொடுக்கட்டுமே.
பிறகு வில்யாந்திக்குப் போனேன்,
ரொட்டி சுடும் ஹெல்டூரைப் பார்க்க.
வேலைக்கு மூன்று பேர். ஒருத்தி போனால்
மூன்றில் ஒரு பங்கு அடுப்பு அணையும்.
நேர்காணலுக்கு வந்த பெண்ணின்
மாவு பிசையும் கையை அவர் பார்க்கவில்லை,
மோதிர விரலைப் பார்த்தார்.
கெட்டவர் அல்ல. எனக்கொரு கம்பு ரொட்டி
காசு வாங்காமல் கொடுத்தார், சூடாக.
திரும்பும் பேருந்தில் அதைப் பிய்த்துத் தின்றபடியே
தடித்த கோட்டை அழித்தேன்.

எல்லோர் சம்பளத்திலும் கிள்ளியெடுத்து
ஒரே பானையில் போடு.
பெற்று முடித்தவர், பெற விரும்பாதவர், பெற முடியாதவர்.
(கடைசிச் சொல்லில் என் பங்கும் உண்டு.
மாதம் பதினெட்டு யூரோ.
இதற்குமேல் சொல்வதற்கில்லை.)

அடுத்து வீடுகள்.
விடுப்பை இருவருக்கும் பொதுவில் வைத்தால்
குறைந்த சம்பளம் வீட்டில் நிற்கும்,
கூடியது வெளியே போகும்.
ஆயிரத்து நூறும் ஆயிரத்து எண்ணூறும்
எதிரெதிரே உட்கார்ந்தால்
யார் நிற்பது என்று கேட்கவே வேண்டாம்.
சமையலறை மேசையில், பென்சிலால், மின்கட்டண உறையின் முதுகில்
ஒவ்வொரு வீடும் போடும் கணக்கு சரி.
ஒரு பிழைகூட எனக்குக் கிடைக்கவில்லை.
எல்லாவற்றையும் கூட்டும்போதுதான்
விடை தப்பாகிறது:
அவள் நின்றதால் அவள் சம்பளம் குறைவு,
குறைவு என்பதால் அடுத்ததற்கும் அவளே நிற்பாள்.

ஆகவே இரண்டு மாதம் அப்பாவுக்கென்றே எழுதினோம்.
கைமாற்ற முடியாது.
எடுக்காவிட்டால் போயிற்று.

நிதித்துறையிலிருந்து ஆர்வோ வந்தான்.
“கையைக் கடிக்குமே, வீவே.”
கடிக்காது என்று ஓரத்துக் கட்டத்தைக் காட்டினேன்.
நூறு அப்பாக்களில் எடுக்கப்போவது முப்பத்தொருவர்.
வராத அறுபத்தொன்பது பேரின்
முதுகில் நிற்கிறது திட்டம்.
சிரித்துக் கையெழுத்திட்டான்.
மூன்று பிள்ளைக்காரன்.
மூன்றும் பிறந்த வாரங்களில் எங்கிருந்தான் என்று
எனக்குத் தெரியும்: எதிர் மேசையில்.

வரவேண்டும் என்று சட்டம் எழுதினேன்.
வரமாட்டார்கள் என்று பட்ஜெட் எழுதினேன்.
அதே கை. அதே பேனா.

இரண்டு வருடம் கழித்து, நேற்று, ஒரு தொலைபேசி.
வோரு பக்கத்து மர ஆலை. பின்னால் ரம்பம் இரைந்தது.
“நான் எடுக்கலைன்னா அந்த ரெண்டு மாசம் எங்கே போகும்?”
பானைக்கே திரும்பும்.
“வேற யாருக்காவது கிடைக்குமா?”
இல்லை. கணக்கில் மிச்சமாகும்.
“மிச்சமா?”
ரம்பம் நின்றது. யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.
“படிவம் எத்தனை பக்கம்?”
நான்கு.
பெயரைக் குறிக்கக் கூடாது. குறித்துக்கொண்டேன்: ராய்கோ.

இன்று மதியம் எமயோகிக் கரை.
எங்கள் மொழியில் அது தாயாறு;
தந்தையாறு என்று ஒன்றை
வரைபடத்தில் நான் பார்த்ததில்லை.
பாதி உறைந்தும் பாதி ஓடியும் கிடந்தது.
உப்புத் தூவிய நடைபாதையில்
குழந்தை வண்டிகளை எண்ணினேன்.
ஆதாரமாகாது, தெரியும்;
பாலம் வரைக்கும்தான் நடந்தேன்.
ஒன்பது வண்டி. ஐந்தைத் தள்ளியது ஆண்கள்.
ஒருவன் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு
போர்வைக்குள் கையை நுழைத்து
பாதம் சூடாக இருக்கிறதா என்று பார்த்தான்.

ஆர்வோ அலறப்போகிறான்.
பனிக்குவியல்மேல் ஏறி நின்று வழிவிட்டேன்,
என் பற்றாக்குறை
நான்கு சக்கரத்தில் உருண்டு
தூங்கிக்கொண்டே என்னைக் கடந்துபோக.