மை தொடாத வட்டங்கள்

மூன்று கிழமையாகக் கசமென்று
மருந்து விழுங்கினார் சூசைதாசன்.
தலையிடி போகவில்லை.
நேற்று சொந்த மகளிடம்
"நீ ஆற்றை பிள்ளை?" என்றாராம்.

இன்று அவர் முள்ளந்தண்டு நீர்
என் மேசைக்கு வந்தது.
கண்ணுக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர்.
அதில் ஒரு துளி, இந்திய மை ஒரு துளி.
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்பும்வரை
இருட்டில் இருந்தேன்.

பிறகு கண்டேன்:
கறுப்பில் மை தொடாத வட்டங்கள்,
ஒன்றின் இடுப்பில் மொட்டு.
கசமில்லை, பூஞ்சை.

"வீட்டிலை புறா வளர்க்கிறியளோ?"
"இல்லை. அப்பா பாசையூர்க் கோயில்
மணிக்கூண்டு கூட்டுறவர்."
மேலே கேட்கவில்லை.

மருந்து கொழும்பிலிருந்து
இரவு பஸ்ஸில், ஐஸ் பெட்டியில்.
சேலைன் ஆகாது, டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேணும்.
ஏறும்போது குலைப்பன் காய்ச்சல்போல்
கட்டில் ஆடும்;
தாதி அருள்நேசம் இரண்டு கம்பளியோடு நிற்கிறா.
பொட்டாசியம் இறங்குதா என்று பார்க்க
விடியவிடிய இரத்தம் என்னிடம் வரும்.

பதினோராம் நாள்
புதுக் குழாயோடு ஒரு செய்தி:
மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம்.
பேர் பிழை. தங்கச்சியின் பேர்.

மைப்போத்தலைத் திறக்கிறேன்.
வட்டங்கள் குறைவு.
இன்னும் உண்டு.