எட்டு முறுக்காணி

யுகுலேலே வந்தபோது அதில் நரம்பே இல்லை.
அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்க வந்த ஒருவன்
விடுதிக் கணக்கில் குறைந்த காசுக்கு ஈடாய்
வைத்துவிட்டுப் போனதாம்.
மச்சாள் பஸ்ஸில் போட்டுவிட்டாள்,
உரப்பையில் சுற்றி,
கருவாட்டோடு.

தலையில் எட்டு முறுக்காணி.
பக்கத்துக்கு நாலு.
யுகுலேலே என்றால் நாலு நரம்பு,
அதுவரை எனக்கும் தெரியும்.
எட்டு ஆணி இருந்தால் எட்டும் கட்டத்தான் வேணுமா?
சட்டையின் மேல் பொத்தானை
யார் பூட்டுகிறார்கள் இந்த வெக்கையில்.

கல்லடியில் என் கடை.
தங்கூசி, தூண்டில் முள்ளு, ஈயக்குண்டு, மிதப்பு.
இந்த வாவியில் மீன் பாடுமாமே என்பார்கள் வெளியூர்க்காரர்.
நான் ஈயக்குண்டின் விலையைச் சொல்வேன்.

நரம்புக்குக் கொழும்புக்கு எழுதச் சொன்னார்கள்.
எதற்கு?
இழுத்துக் கட்டினால் தங்கூசியும் நரம்புதான்.
அறக்குளா இழுத்தே அறாதது
என் விரலுக்கா அறப்போகிறது.

டச்பாரிலிருந்து டெஸ்மன் பார்த்தலோட் போனில் சொன்னான்
(கல்யாண வீடுகளில் பேஸ் கிற்றார் அவன்தான்):
"எட்டும் போடு புள்ள.
சோடி சோடியா அடிச்சாத்தான்
மண்டபத்துக் கடைசிக் கதிரைக்கும் கேக்கும்."

போட்டேன். ஒரு ஞாயிறு முழுக்க.
சோடியில் ஒன்றைச் சுருதிக்கு ஏற்றி
மற்றதற்குக் கை போகுமுன்
முதலாவது இறங்கிவிடும்.
உப்புக்காற்று, புது நைலோன்.
எட்டையும் ஒருமுறை ஒன்றாய்ப் பிடித்தேன், அந்தியில்.
உண்மைதான், அறையே நிறைந்தது.
அரை நிமிடம்.

திங்கள் விடிய றபாய்தீன் வந்தார்.
மெல்லிய தங்கூசி ரீல் முடிந்துபோயிருந்தது.
தோணி கரையில் நிற்கிறது, ஆள் காத்திருக்கிறான்,
முள்ளுக் கட்ட மூன்று முழத்துண்டு போதும் என்றார்.
பிறகு என் தோளுக்கு மேலால் பார்த்து,
"உதுல கட்டிக் கிடக்கிறது என்ன கா?"

மூன்றைக் கழற்றிக் கொடுத்தேன்.
எந்த மூன்று என்று யோசிக்கவில்லை,
அல்லது கைகள் யோசித்தன.
சீயில் ஒன்று, ஈயில் ஒன்று, ஏயில் ஒன்று.
ஜீச் சோடியை விட்டுவிட்டேன்,
மெல்லியதும் அதன் கீழே தடித்ததும்.
காசு வாங்கவில்லை. பாவித்த சாமானுக்கு என்ன காசு.

மறுநாள் வந்து சொன்னார்,
இரண்டு அறுந்ததாம்,
ஒன்றில் பாரை.
எந்த நரம்பில் என்று கேட்டேன்.
சிரித்துவிட்டுப் போனார். எனக்கு உண்மையாய்த் தெரியவேண்டியிருந்தது.

புதன் லொறி வந்தது.
ரீல் ரீலாய்த் தங்கூசி, எல்லாத் தடிப்பிலும்.
இனிமேல் பற்றாக்குறை என்று சொல்லமுடியாது.
இனித்தான் நான் தெரிவுசெய்ய வேண்டும்.

தடித்ததையும் கழற்றி நாலோடு ஒருநாள் அடித்துப் பார்த்தேன்.
சுத்தமான சத்தம், குறை சொல்ல ஏதுமில்லை.
ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல்
இருட்டில் இல்லாத படியைத் தேடும் காலைப்போல
ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.
திரும்பக் கட்டினேன்.

ஐந்து என்றதும் ஐம்புலன், ஐந்திணை என்று
மனோகரிதேவி ரீச்சர் தொடங்கினா,
சாமான் வாங்க வந்த இடத்தில்.
அப்படியெல்லாம் ஒன்றுமில்லை ரீச்சர்.
மத்தியானம் கடை சாத்தி
எனக்குக் கிடைப்பது இருபத்தைந்து நிமிடம்.
சோறு பத்து.
எட்டைச் சுருதி சேர்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை.
ஐந்தென்றால்
இரண்டு பாட்டு, அல்லது ஒன்றை இரண்டு தரம்.

வெறும் ஆணி மூன்றும் முதலில் கிலுகிலுத்தன.
இரண்டுக்குக் கடதாசி செருகினேன்.
மூன்றாவதில் கடைச்சாவி தொங்குகிறது.
ஏயைக் கொஞ்சம் பலமாய்த் தட்டினால்
அதுவும் சிணுங்கும்.
டெஸ்மன் கேட்டுவிட்டு, அது என்ன புதுச் சத்தம் என்றான்.
நான் சொல்லவில்லை.