யார் பேசுறது

ஜூலை. கெய்யோன் துறைமுகத்தில்
மழை படுத்தவாக்கில் பெய்கிறது.
நெலிதா பர்ரியா ஹீட்டரைக்
காலுக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொள்கிறாள்.

மூன்று மணி பத்து. பதினாறாம் சேனல்:
"ரோசா எல்விரா. இன்ஜின் நின்னுபோச்சு.
தண்ணி ஏறுது. ரோசா எல்விரா."

பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்,
காற்றில் பூட்டு ஏது.
போன வாரம் இரண்டு முறை
இல்லாத படகுகள் இதே சேனலில் மூழ்கின.
ரோந்துப் படகு வடக்கே ஓடிய நேரத்தில்
தடைக்காலத்து லோகோ சிப்பிகளை
யாரோ தெற்கே மூட்டை கட்டினார்கள்.

குரலை வைத்துச் சொல்வதற்கில்லை.
அலையும் இரைச்சலும் அரித்த பின்
எல்லா ஆண்களுக்கும் ஒரே தொண்டை.

அதற்குத்தான் திரை.
வாய் திறக்கும் அந்தத் துணுக்கு நொடியில்
ஒவ்வொரு கருவியும்
தன் கோளாறைக் காட்டிக்கொடுத்துவிடும்.
ரோசா எல்விராவின் கோளாறு அவளுக்கு மனப்பாடம்:
பட்டனை அழுத்தியதும் அதிர்வெண்
கொஞ்சம் மேலே ஏறி,
படி தவறினவன் போலச் சறுக்கி,
பிறகுதான் நிதானத்துக்கு வரும்.

இந்தக் கோடு சறுக்கவில்லை.
இஸ்திரி போட்ட சட்டையாய் வந்து நிற்கிறது.
திரையோரம் சிவப்பு: பொருந்தவில்லை.

விதிப்படி இப்போது
மேலதிகாரியை எழுப்ப வேண்டும்.
அவர் எழுந்து கண்ணாடியைத் தேடுவதற்குள்
எத்தனை வாளித் தண்ணீர் ஏறும்?

மைக்கை எடுக்கிறாள்.
"எலியோடோரோ. எனக்கு நீ என்ன தரணும்?"

இரைச்சல்.
ஏதோ தகரம் உருளும் சத்தம்.
இரைச்சல்.

"ஐயோ நெலிதா, இப்பவா?
ரெண்டு மூட்டை உருளைக்கிழங்கு. கறுப்புத் தோல்.
ஈஸ்டருக்குத் தர்றேன்னேன். தரலை."

"ரேடியோ?"

"செவ்வாய்க்கிழமை மாத்தினேன். புதுசு.
ஆளை அனுப்பும்மா!"

ரோந்துப் படகின் விளக்கு
மழைக்குள் போய்க் கரைந்தது.

பதிவேட்டில்
'அடையாளம் உறுதிசெய்த விதம்' என்ற கட்டத்தருகே
பேனா கொஞ்சம் யோசித்தது.
கடன், என்று எழுதினாள்.
இனி அது செல்லாது.
பதினாறாம் சேனலைத் திறந்து வைத்திருக்கும்
தீவு முழுக்க
இந்நேரம் அந்த உருளைக்கிழங்கை எண்ணியிருக்கும்.
அடுத்த முறைக்கு அவன்
வேறு ஏதாவது பாக்கி வைத்தால்தான் உண்டு.

விடியும் முன்
புதுக் கருவியின் கோட்டை
ரோசா எல்விரா பெயரில் சேமித்தாள்.
பழையதை அழிக்க விரல் போனது,
பாதியில் நின்றது.

அந்தச் சறுக்கலை
எவனுக்கு விற்றானோ.